அடி மேற்கே, நுனி கிழக்கே

எனக்கு வீட்டில் ‘டேப்’ என்று பட்டப்பெயர். வைத்தவர் கணவர். துபாய் கராமாவில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு சோபா வாங்கப் போனபோது, கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து நானே அளந்தேன். அவர் சொன்னதைவிட நாலு விரல் அதிகம் இருந்தது. அந்த நாலு விரலுக்காக நான் கடையில் நின்று போட்ட சண்டையை இவர் இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். அதை வாங்கியிருந்தால் லிஃப்ட் வாசலிலேயே கிடந்திருக்கும்.

தப்பான அளவைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. தப்பான கதையைக் கேட்டாலும் அப்படித்தான், நடுவில் புகுந்து திருத்திவிடுவேன். இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திருச்சியில் சிவில் படித்துவிட்டு துபாய்க்கு வந்த புதிதில் பல வருஷம் உயரமான கட்டடங்களின் கார் நிறுத்துமிடங்களை வரைந்துகொண்டிருந்தேன். தூண், கோடு, தூண், கோடு. அலுத்துப்போய், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். வீட்டை இஞ்ச் இஞ்சாக அளந்து, எந்தச் சுவர் எப்போது வந்தது, எது எதன்மேல் ஏறி நிற்கிறது என்று படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. “துபாய்ல ஏதுடி பழைய வீடு? எல்லாமே நேத்து முளைச்சதுதான?” என்று போனில் என் அக்கா கேட்டாள். அவளுக்குப் படம் அனுப்பினேன். “இது என்ன, மண்ணாங்கட்டி மாதிரி இருக்கு” என்றாள்.

மண்ணாங்கட்டி இல்லை, பவளக்கல். கடல் வற்றும் நேரத்தில் இறங்கி வெட்டி எடுத்து, உப்பு போகக் காய வைத்து, ஜிப்சம் சாந்தில் பதித்துக் கட்டியது. நான் சொல்லும் வீடு வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரில் இருந்தது. காலையில் கராமாவில் ஆபீஸ் வேன் ஏறினால், ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒரு மூலையில் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரம். ஆள் குடியிருந்து பல காலம் ஆகியிருந்தது. முற்றத்தில் பூனைகள் மட்டும் தங்கள் பாட்டுக்குக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம், அந்த வீட்டு அறைகள் எல்லாமே ஒல்லியாக இருந்ததுதான். நீளம் இஷ்டத்துக்கு இருந்தது. ஒரு அறை நாலு கட்டில் போடலாம் போல நீண்டது, இன்னொன்று பாதி. அகலம் மட்டும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. வசதியான குடும்பத்து வீடு. ஆசைக்கு ஒரே ஒரு அகல அறைகூடவா கட்டத் தோன்றவில்லை?

தலையை நிமிர்த்தினால் பதில் இருந்தது. கூரையில் அடுக்கடுக்காகக் கழிகள். இந்த மண்ணில் உத்தரம் போடுகிற மரம் கிடையாது. பேரீச்சை உண்டு, அது வளையும், கரையான் தின்னும். அதனால் ஆப்பிரிக்கக் கடற்கரைச் சதுப்பிலிருந்து கண்டல் மரக் கழிகளை வெட்டிப் பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இங்கே அதற்குச் சந்தல் என்று பெயர். அந்தக் கழி வளைவில்லாமல் எவ்வளவு நீளம் கிடைக்குமோ, அவ்வளவுதான் இங்கே அறையின் அகலம். எங்கோ சேற்றில் நின்ற ஒரு மரம், அது பார்த்தேயிராத பாலைவனத்தில் மனிதர்கள் எவ்வளவு இடம்விட்டுப் படுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறது. இதை நினைத்து நினைத்து எனக்கு அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. கதவுகள் மலபார் தேக்கு, கழிகள் ஆப்பிரிக்கா, கல் மட்டும் உள்ளூர்க் கடல். வீடே வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கூடி நிற்கிற மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஏலக்காய் காபியும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இளவயதில் வியாபாரத்துக்காகப் பம்பாயில் இருந்தவர், அதனால் என்னைவிட நல்ல ஹிந்தி பேசுவார். என் ஹிந்தி இங்கே வந்து டாக்சியிலும் சைட்டிலும் பொறுக்கியது. நான் ஆண்பால் பெண்பாலைக் குழப்பும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொள்வது தெரியும். என்னை ‘முஹந்திஸா’ என்றுதான் கூப்பிடுவார், இன்ஜினியரம்மா என்று அர்த்தம்.

முதல் நாளே கையைப் பிடிக்காத குறையாக என்னை மேற்கு ஓரத்து அறைக்கு அழைத்துப் போனார். வீட்டிலேயே சின்ன அறை அதுதான். கிழக்குச் சுவர் முழுக்க, அவர் தாத்தா கட்டிய பெரிய அறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்கே முற்றத்துக்கு ஒரு கதவு. மேற்கே கடல்.

“இது என் அம்மா அறை. நான் இங்கதான் பிறந்தேன். அம்மா கண்ணை மூடினதும் இங்கதான்” என்றார்.

அப்புறம் கதையைச் சொன்னார். அவர் அம்மா அவருடைய அப்பாவின் இரண்டாம் மனைவி. மலைப்பக்கத்து ஊர்க்காரி. அம்மா வந்தபோது வீட்டில் ஏற்கெனவே பெரியம்மாவும் பிள்ளைகளுமாகக் கூட்டம். ஒதுங்க இடமில்லை. “அப்பா ஒரே கோடைக்காலத்துல இந்த அறையைக் கட்டினார். ஆளை வெச்சு மட்டும் இல்ல, தன் கையாலயும். அம்மாவுக்காகவே.” பெரியம்மாவின் பிள்ளைகள் அவரைச் சின்ன வயதில் ‘ஒட்டு அறைக்காரன்’ என்று கேலி செய்வார்களாம். “எனக்குக் கோபமே வராது. உங்க அம்மாவுக்கு யாராவது வீடு கட்டினாங்களாடா, எங்க அம்மாவுக்குக் கட்டினாங்க அப்படின்னு சொல்லுவேன்” என்று சொல்லிச் சுவரைத் தட்டிக் கொடுத்தார்.

அழகான கதைதான். ஆனால் அந்த அறைக்கு ஆபத்தான கதை. எங்கள் ஆபீஸின் விதி அப்படி. வீட்டை அதன் முதல் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிற்காலத்தில் ஒட்டவைத்தவை எல்லாம் போய்விடும். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சிமென்ட் குளியலறையும் தகரக் கொட்டகையும் இடிபடும் பட்டியலில் இருந்தன. மேற்கு அறைமேலும் மேலாளருக்குக் கண் இருந்தது. அது போனால் பெரிய அறைக்குக் கடல்பக்கம் திறந்துகொள்ளும், பார்வைக்கு நன்றாக இருக்கும். வீட்டைப் பொதுப்பார்வைக்குக் கொடுப்பதற்கு மற்ற வாரிசுகள் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேற்கு அறைக்காக வாதாட இந்த ஒரு மனிதரைத் தவிர ஆளில்லை. அவரோ, அந்த அறை பிற்காலத்தது என்று தன் வாயாலேயே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்தக் கதையை எங்க மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க” என்று ஒருநாள் சொல்லியே விட்டேன்.

“ஏன்?”

“அப்புறம் கட்டினதுன்னா இடிச்சிருவாங்க.”

அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். “முஹந்திஸா, என் அப்பா கட்டினதை அவர் கட்டலைன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார். பிறகு காபியை ஊற்றி நீட்டினார்.

நானும் பொய் எழுதுகிற ஜாதி இல்லை. சுவர் என்ன சொல்கிறதோ அதை எழுதுவேன், அது அவருக்குச் சாதகமாக இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தது பாதகமாகத்தான். அதுவும் நம்மூர்க்காரர் மூலமாக வந்தது.

கூரை வேலைக்கு ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை. இங்கே கான்ட்ராக்டில் வந்து, தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கான்கிரீட்டுக்கு ஷட்டரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தவரை இந்த வேலைக்கு மாற்றியிருந்தார்கள். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வடக்குப் பக்கத்து அறையில் உளுத்துப்போன கழிகளை எடுத்துவிட்டுப் புதிய கழிகளை ஒருநாள் முழுக்க அடுக்கி முடித்திருந்தார். சாயங்காலம் ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“யே க்யா கியா பாய்? ஏக் ஸீதா, ஏக் உல்டா லகானா ஹை!”

ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கழி என்பது மரம், அடியில் பருமனாகவும் நுனியில் ஒல்லியாகவும் இருக்கும். ஒன்றின் அடிக்குப் பக்கத்தில் அடுத்ததன் நுனி வந்தால்தான் கூரை மட்டமாக நிற்கும். நம்ம அண்ணன் எல்லா அடியையும் மேற்கே வைத்து, எல்லா நுனியையும் கிழக்கே நீட்டியிருந்தார். கூரை ஒருபக்கம் சரிந்து நின்றது.

“நுனி மேக்க போனா வீட்டுல ஆளு தங்காது மேடம்” என்று என்னிடம் முறையிட்டார். “அடி மேக்கயோ தெக்கயோ, நுனி கிழக்கயோ வடக்கயோ. எங்கப்பா சொல்லிக் குடுத்த மொதப் பாடமே அதுதான். இவனுக பாதியத் திருப்பி வைக்கச் சொல்றானுக. வெளங்குமா?”

திருச்சியில் எங்கள் வீட்டு உத்தரமும் அப்படித்தான் போட்டது. அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனாலும் பிரித்து மறுபடி வைக்கச் சொன்னார்கள், வைத்தார். பாதி நுனிகளை மேற்கே திருப்பும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாரோ, ஃபோர்மேனைத் திட்டினாரோ தெரியவில்லை.

இப்போது எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்தது. ஒவ்வொரு அறையாகப் போய் எந்தக் கழியின் அடி எந்தப் பக்கம் என்று குறிக்க ஆரம்பித்தேன். வடக்கு அறைகள், கிழக்கு அறைகள், பெரிய அறை எல்லாவற்றிலும் ஒன்று நேர், ஒன்று தலைகீழ். மேற்கு அறைக்கு வந்து டார்ச்சை அடித்தேன். ஒரு கழி அடி மேற்கே. அடுத்தது அடி மேற்கே. அதற்கடுத்ததும். கடைசிவரை எல்லாமே அடி மேற்கே, நுனி கிழக்கே.

அண்ணனைக் கூப்பிட்டேன். ஏணியில் ஏறிக் கழியைத் தடவிப் பார்த்தார். இறங்கியபோது முகமெல்லாம் பல்.

“நம்மூரு ஆசாரி எவனோ வந்துருக்கான் மேடம். இது நம்ம கை. சத்தியமா நம்ம கை.”

எனக்கும் அதுவேதான் தோன்றியது. பம்பாய்க்கும் மலபாருக்கும் கப்பல் போய்வந்த குடும்பம். அந்தக் கப்பலில் ஏறிவந்த தென்னாட்டுத் தச்சன் ஒருவன். வீட்டின் மற்ற அறைகளைக் கட்டியவர்கள் வேறு, இதைக் கட்டியவன் வேறு. வேறு கை, அப்படியென்றால் வேறு காலம். பெரியவர் சொன்ன கதைக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. அன்று வேன் கராமா வந்து சேரும்வரை என் வாய் ஓயவில்லை. வீட்டில் இவரிடம் சொன்னேன். “எங்க போனாலும் நமக்கு முன்னாடி நம்மாள் ஒருத்தன் வந்து டீ குடிச்சிட்டுப் போயிருப்பானே” என்றார். நான் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

படத்தில் மேற்கு அறைக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, ‘பிற்காலச் சேர்க்கை, தென்னிந்தியத் தச்சர் வேலையாக இருக்கலாம்’ என்று குறித்து மேலாளருக்கு அனுப்பினேன். அனுப்பிய சந்தோஷத்தில் அதன் விளைவு உறைக்கவில்லை. அவர் ஜோர்டான்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர்.

“வீட்டுக்காரர் சொல்வதும் இதுதான், நீ சொல்வதும் இதுதான். கலாஸ், முடிந்தது. இடிக்கிற பட்டியலில் சேர்த்துவிடு.”

பெரியவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எழுந்துபோய் மேற்கு அறைக் கதவருகே நின்றார்.

“மத்த எல்லா அறையையும் வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றார்.

எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. மேலாளர்மேல் அதைவிட. விதியைப் போட்டவன்மேல் அதைவிட. அண்ணனும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்மூர் ஆசாரி வேலை என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கொண்டாடிய கொண்டாட்டத்துக்கு இந்தக் கிழவரின் அறை போகிறது. எதையாவது விட்டுவிட்டேனா என்று படத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாத ஒரே விஷயம் அந்தச் சரிவுதான். தச்சன் தன் வழக்கப்படி வைத்தான், சரி. கூரை கிழக்கே சரிந்திருக்குமே, கிழக்கே பெரிய அறையின் சுவர் இதைவிட உயரமாக எழும்பி நிற்கிறதே, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று அவன் யோசிக்கவே மாட்டானா?

அந்த வாரம் மழை வந்தது. இங்கே மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் ரோட்டில் கார்கள் மிதக்கும், ஸ்கூல் லீவு விடுவார்கள். மேற்கு அறைக் கூரையின்மேல் யாரோ எப்போதோ மட்டம் பார்த்துப் போட்டிருந்த சிமென்ட்டை நாங்கள் முன்பே உடைத்து எடுத்திருந்தோம். மேலே தார்ப்பாய் மட்டும் கட்டியிருந்தது. காற்றில் அது கிழிந்துபோனது.

மறுநாள் போய்ப் பார்த்தபோது மேற்கு அறையின் கிழக்குச் சுவர் நனைந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். தண்ணீர் நுனிப்பக்கம் ஓடி, பெரிய அறைச் சுவரில் முட்டி, உள்ளே இறங்கியிருக்கிறது. ஆனால் சுவர் முழுக்க ஒரே மாதிரி நனையவில்லை. உச்சியில் கூரையை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு, ஒரே ஒரு இடம் மட்டும் கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. சுற்றியிருந்த கல் காய்ந்துகொண்டிருந்தபோதும் அந்த இடம் காயவில்லை. ஏணியில் ஏறி விரலால் அமுக்கினேன். உள்ளே போனது. கல் இல்லை, மண்.

மேலாளருக்குப் போன் போட்டு, பூச்சைக் கொஞ்சம் எடுக்க அனுமதி வாங்கினேன். அண்ணன் உளியால் மெதுவாகச் சுரண்டினார். ஈர மண் கட்டிகட்டியாக விழுந்தது. உள்ளே ஒரு மரத்துண்டு தெரிந்தது, மேல்பக்கம் குடைந்தெடுத்த வாய்க்கால் போல. மழைத் தண்ணீர் சுவருக்கு வெளியே போய் விழுவதற்கு வைக்கிற தூம்பு. இந்த வீட்டின் எல்லாக் கூரைகளிலும் அப்படி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. இது மட்டும் சுவருக்குள் புதைந்து, வெளிநுனி ரம்பத்தால் அறுக்கப்பட்டு, பெரிய அறைச் சுவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

நான் மறுபடி ஏணியில் ஏறி, தூம்பின் பக்கத்து ஓட்டைக்குள் டார்ச்சை விட்டுக் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. அதற்குள் மேற்கு அறைச் சுவரின் வெளிமுகம் தெரிந்தது. நன்றாகப் பூசி, வழுவழுவென்று தேய்த்த முகம். வெயிலில் மஞ்சளடித்திருந்தது. தூம்புக்கு நேர் கீழே, அந்தப் பூச்சின்மேல், ஒரு கறுப்புக் கோடு கீழே இறங்கிப் போனது. மழைக்கறை. பல வருஷ மழை அந்தத் தூம்பிலிருந்து வழிந்து அந்தச் சுவரில் ஓடியிருக்கிறது.

மூடிக்கிடக்கிற சுவரில் மழை ஓடாது. வெயிலும் படாது.

“அண்ணே” என்றேன். “இந்த ரூம் கட்டினப்ப பக்கத்துல பெரிய ரூம் இல்ல.”

அவர் அண்ணாந்து பார்த்தார். “அப்ப?”

“இதுதான் முதல்ல தனியா நின்னிருக்கு. கடலைப் பாத்துக்கிட்டு. வீடு மொத்தமும் அப்புறம் வந்து இதோட ஒட்டியிருக்கு.”

அடி மேற்கே, நுனி கிழக்கே என்று வைத்தவன் எந்த ஊர்க்காரனோ. வாசல் கடல்பக்கம் இருந்ததால், வாசலில் தண்ணீர் விழாமல் பின்பக்கமாய் விழவேண்டும் என்று வைத்திருக்கிறான். அவ்வளவுதான். ஒற்றை அறைக்கு அது போதும். எங்கள் இருவர் கண்ணுக்கு மட்டும்தான் அது சாஸ்திரமாகத் தெரிந்தது. மேற்குச் சுவரில் நாங்கள் மாடக்குழி என்று குறித்திருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன். அடைத்த கதவு அது. அண்ணன் கொஞ்ச நேரம் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றார். “நம்மாளு இல்லையா அப்ப?” என்றார். பாவமாக இருந்தது. “தெரியாதுண்ணே, இருக்கலாம்” என்றேன்.

மேலாளரிடம் படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்குத் தெரிந்து முதல்முறையாகச் சிரித்தார். “அப்படியானால் விதிப்படி இந்த அறையை வைத்துக்கொண்டு மீதி வீட்டை இடிக்க வேண்டும்.” நானும் சிரித்தேன். மேற்கு அறை அன்றே பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

பெரியவரிடம் சொல்ல ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், முற்றத்தில் பூனைகள் சிதறின. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அறை பிழைத்தது, யாரும் தொட மாட்டார்கள், இதுதான் வீட்டிலேயே மூத்த அறை. ஏணியில் ஏற அவரால் முடியாது, போனில் படம் காட்டினேன். தூம்பு, பூச்சு, மழைக்கறை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார். “பெரிய அறையைக் கட்டினது யார் தெரியுமா? என் தாத்தா.”

“ஆமா, சொல்லியிருக்கீங்க.”

“அப்ப என் அப்பா சின்னப் பையன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்த வேகத்தில் நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. தாத்தா கட்டிய பெரிய அறையைவிட மூத்தது இது என்றால், அவர் அப்பா இதைக் கட்டவில்லை. அம்மா வந்தபோது இது ஏற்கெனவே இங்கே நின்றது. காற்றுக்கோபுரத்திலிருந்து தூரமாக, ஒழுகுகிற கூரையோடு, யாருக்கும் வேண்டாத பழைய அறை. புதிதாக வந்தவளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

“அப்ப அம்மாவுக்குன்னு கட்டினது இல்ல” என்றார்.

நான் இல்லை என்று தலையசைத்தேன். வேறு என்ன செய்வது? மழைக்கறை அவர் கையில் இருக்கிறது. அவரும் வியாபாரி, கணக்குத் தெரிந்தவர்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார், திறக்கவில்லை, மறுபடி இறுக்கினார். சின்ன வயதில் கேலி செய்தவர்களுக்கு அவர் கொடுத்துவந்த பதிலை நான் பிடுங்கிக்கொண்டேன். அறையைக் காப்பாற்றியதும் அதைப் பிடுங்கியதும் ஒரே மழைக்கறைதான். எனக்கு அழுகை வந்தது. சைட்டில் அழுகிற வழக்கம் எனக்கு இல்லை, அதனால் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

“எதுவுமே அப்புறம் செஞ்சது இல்லையா? அந்த அறையில?” என்று கடைசியாகக் கேட்டார்.

யோசித்தேன். ஒன்று இருந்தது. முற்றத்துக்குத் திறக்கும் அந்தத் தெற்குக் கதவு. அதைச் சுற்றிக் கற்கள் உடைபட்டு, சின்னச் சின்னத் துண்டுகளால் அடைத்திருந்தன. முழுச் சுவராகக் கட்டி முடித்து, பிறகு வெட்டித் திறந்த வாசல். கடல்பக்கக் கதவை அடைத்தவர்கள் வீட்டுப்பக்கம் இதைத் திறந்திருக்கிறார்கள். அவரைக் கூட்டிப்போய் விரலை வைத்துக் காட்டினேன்.

“இது பின்னால வெட்டினது.”

“எப்ப?”

“தெரியாது. தாத்தா காலத்துலயும் இருக்கலாம், உங்க அப்பா காலத்துலயும் இருக்கலாம். சுவர்ல அதுக்குச் சாட்சி இல்ல.”

அவர் அந்தச் சின்னக் கல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றார். அடுத்த நாள் காபி கொண்டுவரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேலை முடிகிறவரை அவர் நாற்காலி முற்றத்தில் காலியாகவே கிடந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதானா என்று எனக்கு ஆத்திரமும் வந்தது, அவர் வராத காலைகளில் வேலை கசக்கவும் செய்தது.

வீடு திறந்த அன்று வந்திருந்தார். பேரப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். வெள்ளைக் கந்தூரா அங்கியில் விறைப்பாக இருந்தார். மேற்கு அறைச் சுவரில் என் படமும் பலகையும் மாட்டியிருந்தன. ‘இவ்வீட்டின் மிகப் பழைய அறை’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அவர் பலகைக்கு முன்னால் நிற்கவில்லை. பிள்ளைகளைத் தெற்குக் கதவருகே கூட்டி நிறுத்தி அரபியில் பேச ஆரம்பித்தார். எனக்கு அரபி அரைகுறைதான். ஆனால் அப்பா என்பதும் அம்மா என்பதும் கோடைக்காலம் என்பதும் புரிந்தன. சுவரை வெட்டுவதுபோல் கையை ஓங்கிக் காட்டினார். சின்னக் கற்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரே கோடைக்காலம், தன் கையால், அம்மாவுக்காக. பழைய கதைதான். அறையிலிருந்து கதவுக்கு மட்டும் இடம் மாறியிருந்தது.

ஒரு சிறுமி என்னவோ கேட்டாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். ஹிந்தியில் கேட்டார்.

“பலகையில இதைக் காணோமேங்கறா. நீ சொல்லு, முஹந்திஸா. இந்தக் கதவை அப்புறமாத்தானே வெட்டினாங்க?”

“அப்புறமாத்தான்” என்றேன்.

“என் அப்பாதானே?”

நாலு விரலுக்குச் சண்டை போட்டவள் நான். என் கணவர் அங்கே இருந்திருந்தால் என் வாயையே பார்த்திருப்பார்.

“ஆமா” என்றேன்.